ஜெனரலின் மரணசாதனம்

இங்கிலீசுக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது, கொண்டுபோக மனமில்லாத சாமான்களை எல்லாம் ஏலம் போட்டது. ஒரு பேரரசு படுக்கையைச் சுருட்டினால் அடியில் என்னென்ன கிடக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டோம். மூதூர் லோஞ்சு ஓட்டுகிற தாஹிர் ஒரு குளியல் தொட்டியை எடுத்தான். அவன் அதில் குளிக்கவில்லை, இறால் விட்டான். அந்த இறால்கள் பழக்கதோஷத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுதண்ணீர் கேட்டு மீசையால் தொட்டியைத் தட்டும். சந்தேகம் உள்ளவர்கள் மூதூரில் விசாரிக்கலாம். சல்லிக் கிராமத்து மீன்காரர் ஒருவர் கப்பல் சங்கு ஒன்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டினார். அவர் சங்கை ஊதினால், துறைமுகத்துக்கு வெளியே நிற்கும் கப்பல்கள் உள்ளே வரலாம் என்று நினைத்து நங்கூரம் தூக்கின. மக்டலின் ஒரு பெட்டி புத்தகம் எடுத்தாள். வடை சுற்றுவதற்கு.

மக்டலினின் தேத்தண்ணிக் கடை மூதூர் லோஞ்சு வந்து கட்டும் இறங்குதுறைக்கு நேர் எதிரே நின்றது. கிடுகுக் கூரை, சனம் இருக்க இரண்டு வாங்கு, பின்பக்கம் அவள் படுக்கிற ஓர் அறை. உலகத்தில் அவளுக்கு வேறு இடம் இல்லை. கடையைக் கட்டியது அவளுடைய புருஷன் பேணாட். அவன் கப்பல் பட்டறையில் வேலை செய்தவன். கட்டும்போது அந்த வழியால் வந்த வெள்ளைக்கார அதிகாரி ஒருவன் நின்று பார்த்து, "நடத்து" என்று இங்கிலீசில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனானாம். அந்தக் காணிக்கு இருந்த உறுதிப்பத்திரம் அந்த ஒரு சொல்தான். பிறகு பேணாட்டும் செத்துப்போனான், சொன்னவனும் கப்பல் ஏறிவிட்டான்.

அறுபத்திரண்டாம் ஆண்டு காணிக் கந்தோரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. அதில் தந்திருந்த முப்பது நாளில் பத்து நாள் அதை வாசிக்க ஆள் தேடுவதில் போயிற்று. கடைசியில் கந்தளாய்ச் சீனி ஆலையில் வேலை செய்கிற ஒருவர் லோஞ்சுக்குக் காத்து நின்றபோது வாசித்துச் சொன்னார். இது முடிக்குரிய காணி, முப்பது நாளுக்குள் கடையை அகற்ற வேண்டும், அகற்றாவிட்டால் அகற்றப்படும். வெள்ளைக்கார முடி போய்ப் பதினான்கு வருடம் ஆகியிருந்தது. முடிக்குரிய காணி மட்டும் போகவில்லை.

மக்டலின் அழவில்லை. தேத்தண்ணியை இரண்டு தரம் கூடுதலாக ஆற்றினாள். பிறகு சூசைப்பிள்ளைக்கு முன்னால் போய் நின்றாள்.

சூசைப்பிள்ளை, உறுதியும் வழக்கும் எழுதுகிற பிரக்கிராசி ஒருவரிடம் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்தவர். பிரக்கிராசி காலமாகி, கந்தோர் பூட்டப்பட்டு, அந்தக் கட்டடத்தில் சலூன் வந்த பிறகும், அவர் காலை ஒன்பது மணிக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு புறப்படுவார். போக இடமில்லாதபடியால் மக்டலின் கடைக்கு வருவார். காணி உறுதி எழுதி எழுதி அவருடைய பேச்சே உறுதி மாதிரி ஆகிவிட்டிருந்தது. வடை கேட்டால் "மேற்படி வடை" என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீசு முழுவதும் காணி, கடன், கலியாணச் சீதனம், சாவு ஆகிய நான்கையும் பற்றியது. வாழ்க்கைக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை என்பது அவருடைய கொள்கை.

"கிளாக்கர் ஐயா, கடுதாசிக்குக் கடுதாசிதான் மறுமொழி. எனக்கு ஒரு கடுதாசி தேடித் தாங்கோ," என்றாள் மக்டலின்.

தேடுவதற்கு எங்கும் போகத் தேவை இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து அது அவருடைய வடையைச் சுற்றிக்கொண்டு வந்தது. எழுத்து உள்ள எதையும் வாசிக்காமல் எறிவது அவருக்குப் பழக்கம் இல்லை. எண்ணெயைத் துடைத்துவிட்டு வாசித்தார். வாசித்தவர் வடையைக் கீழே வைத்தார். மக்டலினின் வடையை ஒருவர் பாதியில் கீழே வைத்தது அதுதான் முதல் தடவை. பிறகு, அந்தத் தாள் கிழிக்கப்பட்ட புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

புத்தகத்தின் அட்டையும் முன்பக்கங்களும் முன்னமே மூதூருக்கும் கிண்ணியாவுக்கும் வடையோடு போய்விட்டிருந்தன. எழுதியவர் பெயர் இல்லை, தலைப்பும் இல்லை. ஆனால் மிஞ்சிய பக்கங்களில் எங்கே திருப்பினாலும் இரண்டு சொற்கள் நின்றன. ஜெனரல் வில்.

இங்கிலீசில் 'வில்' என்ற சொல்லுக்கு விருப்பம், சித்தம் என்றும் ஓர் அர்த்தம் உண்டாம். 'ஜெனரல்' என்றால் பொதுவானது என்றும் கொள்ளலாமாம். எல்லாச் சனமும் சேர்ந்த பொதுச் சித்தமே அரசுக்கு மேலான அரசு என்றுதான் அந்தப் புத்தகம் சொல்கிறது என்றும், அதை வாசித்துவிட்டு வேறொரு நாட்டுச் சனங்கள் ராசாவின் தலையையே எடுத்தார்கள் என்றும் படித்தவர்கள் பின்னால் சொன்னார்கள். சூசைப்பிள்ளைக்கு இந்த விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. அவர் தம் சேவைக்காலத்தில் நானூறு வில் எழுதியவர். நானூறும் மரணசாதனம், செத்த பிறகு சொத்து யாருக்கு என்று சொல்லும் எழுத்து. ஜெனரல் என்றால் படைத்தளபதி என்பது பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

வாங்கில் இருந்தவர்களிடம் அவர் அறிவித்தார். ஒரு ஜெனரல் இந்த இடத்தைப் பற்றி மரணசாதனம் எழுதிவைத்திருக்கிறார். அதுவும் ஒரு தாளில் அல்ல, ஒரு புத்தகம் நிறைய.

தாஹிருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "இது கப்பல்படையெல்லோ கிளாக்கர் ஐயா. இஞ்ச அட்மிரல்தானே இருந்தவர். ஜெனரலுக்கு இஞ்ச என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. அதாலதான் இவ்வளவு எழுத நேரம் கிடைச்சிருக்கு."

வில் என்பது அம்பு விடுகிற வில்லாகவும் இருக்கலாமே என்று வாங்கின் ஓரத்தில் இருந்த நான் கேட்டேன். என்னை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

சூசைப்பிள்ளை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். மேற்படி வில் எக்காலமும் செல்லுபடியாகும். அதை இன்னொருவருக்குக் கைமாற்ற ஏலாது. அதைத் துண்டு பிரிக்கவும் ஏலாது. பயனடைவோர் சனங்கள், அதாவது எல்லாரும். அரசாங்கம் என்பது சனங்கள் அலுவல் பார்க்க வைத்த காரியக்காரன். அவன் எசமானனுடைய காணியில் எசமானனையே எழும்பச் சொல்ல ஏலாது.

"பிரிபடாத முதிசச் சொத்து," என்று முடித்தார். முகத்தில் கோயில் திருநாளில் நிற்பதுபோல ஒரு வெளிச்சம். "முப்பத்தொரு வருசத்தில இவ்வளவு நீட்டான பிரிபடாத முதிசத்தை நான் கண்டதில்லை."

மக்டலினுக்கு முதிசத்தின் நீளத்தில் அக்கறை இல்லை. "என்ர கடை நிக்குமோ, நிக்காதோ?"

"ஜெனரல் நிக்கிறார், கடை நிக்காதோ?"

அன்றே பெட்டிசம் எழுதினார். காணிக் கந்தோருக்கு அறிவிப்பது என்னவெனில், மேற்படி காணி ஜெனரல் வில்லின் மூலம் சனங்களுக்குப் பிரிக்கவும் பாரப்படுத்தவும் முடியாதபடி உரித்தானது. தங்கள் கந்தோர் மேற்படி சனங்களின் காரியக்காரனேயன்றி வேறல்ல. அந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்யாவிட்டால் தங்களை நிற்பாட்டும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இப்படிக்கு, சனங்களுக்காக, மக்டலின் பேணாட், தேத்தண்ணிக் கடை.

கந்தோரில் அப்போது அருளம்பலம் என்றொரு இளம் காணி அதிகாரி இருந்தார். யாழ்ப்பாணத்தவர், பேராதனையில் பட்டம் எடுத்தவர். அங்கே அவர் இரண்டு வருடம் படித்தது இந்தப் புத்தகத்தைத்தான். அதைப் பற்றி இருபது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதிப் பரிசும் வாங்கியிருந்தார். உத்தியோகத்துக்கு வந்த பிறகு அவர் வாசித்ததெல்லாம் மாடு வேலி பாய்ந்தது, வேலி மாட்டின் மேல் விழுந்தது என்ற வகை எழுத்துகள்தான். அறிவுப் பட்டினியால் நாளுக்கு நாள் மெலிந்தார். இடுப்புப் பட்டியில் புதிதாக நாலு துளை போட்டிருந்தார். அந்த நிலையில்தான் மக்டலினின் பெட்டிசம் அவருடைய மேசைக்கு வந்தது.

இருபத்தொன்பதாம் நாள் கந்தோர் ஜீப் வந்து கடைக்கு முன்னால் நின்றது. கூரையைப் பிடுங்க ஆட்கள் இறங்குவார்கள் என்று மக்டலின் அகப்பையோடு வாசலில் நின்றாள். இறங்கியது அருளம்பலம் மட்டும். கோயிலில் பிரசாதம் வாங்குகிறவர் மாதிரி பெட்டிசத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"இதை எழுதினது ஆர்?"

சூசைப்பிள்ளை எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். அதிகாரி அவருக்கு முன்னால் வாங்கில் இருந்தார். கந்தோர் ஆட்கள் எங்கள் வாங்கில் இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. வாங்கும் கண்டதில்லை, ஒரு காலை மடித்துவிட்டது. அதைச் சரிப்படுத்தி இருத்திய பிறகு அவர் கேட்டார்.

"ஐயா, இந்த ஜெனரல் வில் எங்க இருக்குது எண்டு நினைக்கிறீங்கள்?"

"முறைப்படி நொத்தாரிசின்ர அலுமாரியில இருக்கவேணும், சேர். ஆனா இப்ப சனத்தின்ர கையிலதான் இருக்குது."

அதிகாரி அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். அலுமாரி என்ற சொல்லின் கீழ் இரண்டு கோடு போட்டார்.

"அது பிழைபோகலாமோ?"

"சனத்தை ஏமாத்தலாம். வில் பிழைபோகாது. நான் இதுவரைக்கும் நானூறு பாத்தனான்."

"நானூறோ? எங்கட புரொபெசரே ஒண்டுதான் பாத்தவர்," என்றார் அருளம்பலம் மெதுவாக.

அதன் பிறகு இருவரும் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார்கள். ஒருவர் பேசியது உலகச் சனங்களின் இறைமையைப் பற்றி, மற்றவர் பேசியது சாட்சிக் கையெழுத்தைப் பற்றி. ஓர் இடத்திலும் முரண்பாடு வரவில்லை. இரண்டு படித்தவர்கள் இவ்வளவு ஒற்றுமையாகக் கதைத்ததை நான் அதற்குப் பிறகும் கண்டதில்லை. மக்டலின் நடுவில் இரண்டு தரம் வந்து, கடை நிற்குமோ என்று கேட்டாள். இருவரும் அவளை அன்போடு பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்கள்.

அருளம்பலம் கடையை உடைக்கவில்லை. ஜெனரல் வில்லின் கீழ் சனங்கள் உரிமை கோரியிருக்கிறார்கள், இதில் முடிவெடுக்க எனக்கு அதிகாரம் போதாது என்று எழுதிக் கோப்பைக் கொழும்புக்கு அனுப்பினார். எட்டு மாதத்தில் மறுமொழி வந்தது. மேற்படி வில்லின் அத்தாட்சிப்படுத்திய பிரதியையும், பயனடைவோரின் பெயர்ப் பட்டியலையும் முழு விலாசத்தோடு அனுப்பவும். அப்போது நாட்டில் ஒரு கோடி சனம். அருளம்பலம் பெயர்களை எழுதத் தொடங்கினார். அகர வரிசையில் அவருடைய சொந்தப் பெயரே முன்னுக்கு வந்ததால் முதல் நாள் உற்சாகமாகப் போனது என்று கந்தோர்ப் பியோன் சொன்னான்.

கந்தோரிலிருந்து கடை தப்பியது. சனங்களிடமிருந்து தப்பவில்லை.

மரணசாதனத்தில் தாங்களும் இருக்கிறோம் என்ற சங்கதி லோஞ்சில் ஏறி மூதூருக்குப் போயிற்று, பஸ்ஸில் ஏறிக் கந்தளாய்க்குப் போயிற்று. முதலில் சல்லிச் சைக்கிள்காரர்கள் மீன்பெட்டிகளைக் கடை வாசலில் இறக்கினார்கள். வழி விடச் சொன்னதற்கு, இதில் தங்களுக்கும் பங்கு இருக்கிறது என்றார்கள். மூதூரிலிருந்து சித்தி பரீதா என்றொருத்தி சட்டிபானைகளைக் கொண்டுவந்து ஒரு வாங்கின் மேல் அடுக்கினாள். லிங்கநகர் இக்னேசியஸ் தன்னுடைய பசுவை அடுப்புக்குப் பின்னால் கட்டினார். அவர் பொல்லாதவர் அல்ல. தன் பங்கு எந்தப் பக்கம் என்று தெரியாதபடியால், எல்லாப் பக்கமும் போய்வரக்கூடிய அளவு நீளக் கயிற்றால் கட்டினார். தாஹிர் லோஞ்சின் பழைய கயிறு, நங்கூரம், ஓட்டை வாளி எல்லாவற்றையும் மக்டலினின் படுக்கை அறையில் வைத்தான். இவ்வளவுக்கும் அவளை அவன் வாய்நிறைய அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

ஐப்பசி வந்தது. மாரிக்கு முன்னம் கிடுகு மாற்றாவிட்டால் கூரை நிற்காது. மக்டலின் கிடுகு எடுப்பித்து ஆட்களையும் சொன்னாள். அன்றைக்கென்று சூசைப்பிள்ளை கையை உயர்த்தினார். பிரிபடாத காணியில் ஒரு பங்காளி மற்றப் பங்காளிகளின் சம்மதம் இல்லாமல் ஒரு ஓலையும் வைக்க ஏலாது. அது சட்டம், அவர் என்ன செய்வார்?

"எத்தினை பேரின்ர சம்மதம்?"

"எல்லாரின்ரயும்."

"எல்லாரும் எண்டால்?"

"அருளம்பலம் சேர் இப்ப 'இ'னாவில நிக்கிறாராம். முடிஞ்சதும் சொல்லுவார்."

மக்டலின் அங்கேயே இருந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தாள். தாஹிர் ஓம் என்றான். சித்தி பரீதா ஓம் என்றாள். இக்னேசியஸ் மட்டும், தன் பசுவுக்குப் பழைய கிடுகின் வாசம் பழகிவிட்டது, புதிதைக் கண்டால் பால் சுரக்காது என்று மறுத்தார். ஒருவர் மறுத்தாலும் மறுத்ததுதான்.

மாரி பிடித்தது. அந்த வருட மழையில் கடைக்கு உள்ளே பெய்ததுதான் அதிகம், வெளியே பெய்தது குறைவு. பிளேன்ரீ குடிக்கிறவர்கள் எவ்வளவு குடித்தாலும் கோப்பை குறையவில்லை. இதைச் சிலர் அற்புதம் என்றார்கள். பின்னறையில் மக்டலினின் பாய் மிதந்தது. அவள் தாஹிரின் நங்கூரத்தைப் பாயில் கட்டிவிட்டுத்தான் படுத்தாள். மூன்றாம் நாள் காலையில் கூரையின் வளை ஒன்று முறிந்து அடுப்பின் மேல் விழுந்தது. தண்ணீர் இறங்கி அடுப்பு நூர்ந்தது. பேணாட் கட்டிய நாளிலிருந்து வேலைநாளில் நூராத அடுப்பு.

எல்லாரும் அவரவர் பங்கைத் தூக்கி நனையாத மூலைக்கு நகர்த்தினார்கள். மக்டலின் நகரவில்லை. நனைந்த விறகை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோடு சாத்தினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சூசைப்பிள்ளைக்கு முன்னால் வந்து நின்றாள். அவர் குடையின் கீழ் இருந்து புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தார்.

"கிளாக்கர் ஐயா, ஒண்டு கேக்கட்டோ? பேணாட்டின்ர சைக்கிளை அவர் எனக்கெண்டு எழுதி வைச்சவர். நீங்கள்தான் எழுதினனீங்கள்."

"ஓம். மேற்படி சைக்கிள். ஞாபகம் இருக்கு."

"அவர் உயிரோட இருக்கேக்க அதை நான் எடுத்திருக்கலாமோ?"

"அதெப்படி? எழுதினவர் உயிரோட இருக்குமட்டும் மரணசாதனம் வெறுங் கடுதாசி. அவர் கண்ணை மூடினாத்தான் அது கண்ணைத் திறக்கும்."

"அப்ப ஜெனரல் எப்ப செத்தவர்?"

சூசைப்பிள்ளை வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் மழை பெய்தது. நானூறு மரணசாதனத்திலும் அவர் முதலில் கேட்கிற கேள்வி அது. இதில் கேட்க மறந்துபோனார். புத்தகத்தை முன்னுக்குப் புரட்டினார், பின்னுக்குப் புரட்டினார். கடைசிப் பாகத்தில் ஓர் இடத்தில் அவருடைய விரல் நின்றது. நெடுநேரம் வாசித்தார். கோட்டின் வழியாகத் தண்ணீர் ஒழுகிக் காலடியில் குளம் கட்டியது.

"சொல்லுங்கோ," என்றாள் மக்டலின்.

"ஜெனரல் வில்லை அழிக்க ஏலாது எண்டு போட்டிருக்கு. ஊரில எல்லாரும் அவரவற்ற பங்கையே பாத்துக்கொண்டு, நாடு நாசமாப் போனாலும் அது அழியாதாம். வாயை மூடிக்கொண்டு கிடக்குமாம். சாகாதாம்."

"அப்ப ஆள் உயிரோட."

"புத்தகத்தின்படி..." என்று இழுத்தார். புத்தகத்தை மூடினார். "ஓம். உயிரோட."

மக்டலின் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை. "தாஹிர், நங்கூரத்தை எடு. பரீதா, சட்டிபானையை இறக்குங்கோ. இக்னேசியஸ் அண்ணை, மாட்டை அவிழுங்கோ. மனிசன் இன்னும் சாகேல்லை. சாக முன்னம் முதிசம் பிரிக்க வாறியள், வெக்கமில்லையோ?"

எங்கள் பக்கத்தில் கள்ளுக் குடித்தாலும் மன்னிப்பு உண்டு, கோடேறிப் பொய்ச் சாட்சி சொன்னாலும் மன்னிப்பு உண்டு. உயிரோடு இருக்கிறவரின் முதிசத்துக்குக் கை நீட்டினவன் என்ற பெயர் வந்தால் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் வராது. இக்னேசியஸ் பசுவை அவிழ்த்தார். தாஹிர் நங்கூரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போகும்போது, ஜெனரலுக்கு இன்னும் ஆயுள் கெட்டியாக இருக்கவேண்டும் என்று துஆச் செய்துவிட்டுப் போனான்.

"நீங்கள் ஆரின்ர உரிமையில இருக்கிறியள்?" என்று சூசைப்பிள்ளை அவளைக் கேட்டார். வாதம் செய்ய அல்ல, குறித்து வைக்க.

"அவர் வருமட்டும் காணியைப் பாத்துக்கொள்ளுறன். வந்து எழும்பச் சொன்னால் எழும்புறன்."

அன்று பின்னேரமே கிடுகு ஏறியது. வேய்ந்தவர்களில் இக்னேசியஸும் ஒருவர்.

இந்த முடிவைக் கேள்விப்பட்டு அருளம்பலம் ஓடிவந்தார். ஜெனரல் சாகமாட்டார், வாய் மூடித்தான் கிடப்பார் என்று மக்டலின் அடுப்பை ஊதியபடி சொன்னபோது, அவர் கண்ணைத் துடைத்தார். புகை என்று நாங்கள் விட்டுவிட்டோம். பட்டியலைப் பாதியில் நிறுத்தி, உரிமையாளர் உயிருடன் உள்ளார் என்று ஒரு வரியில் கொழும்புக்கு எழுதிவிட்டு, இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது சூசைப்பிள்ளையின் காலில் விழப் பார்த்தார். சூசைப்பிள்ளை சாட்சி இல்லாமல் விழவேண்டாம் என்று தடுத்தார்.

கொழும்பு மறுமொழி போட ஒன்பது வருடம் எடுத்தது. நாடு குடியரசாகி, இனிமேல் இறைமை முழுவதும் சனங்களுடையது என்று சட்டத்திலேயே அச்சடித்த வருடம் அது. மேற்படி ஜெனரல் காலமாகிவிட்டாரா என்பதை ஏழு நாட்களுக்குள் தெரியப்படுத்தவும் என்று கடிதம் கேட்டது. மக்டலின் சொல்லச் சொல்ல, சூசைப்பிள்ளை எழுதினார். ஆள் சாகவில்லை. கொஞ்ச நாளாகச் சத்தம் மட்டும் இல்லை. செத்தால் அறியத் தருவோம்.

இதற்கு மறுமொழி இரண்டு கிழமையில் வந்தது. கடிதமாக அல்ல, இரண்டு ஆட்களாக. சாதாரண உடுப்பு, ஒரே மாதிரி மீசை, பொலிஸ் சப்பாத்து. ஒரு ஜெனரல் உயிரோடு இருக்கிறார், சத்தமில்லாமல் இருக்கிறார், சனங்கள் அவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால் எந்த அரசாங்கத்துக்குத்தான் நித்திரை வரும்? அவர் எங்கே தங்கியிருக்கிறார், எப்போது வெளியே வருவார் என்று விசாரித்தார்கள்.

எங்கே என்று சொல்ல ஏலாது, வந்தால் இந்தப் பக்கம்தான் வருவார் என்றாள் மக்டலின். இருந்து பார்க்கச் சொல்லி வாங்கைத் துடைத்துவிட்டாள்.

இருந்தார்கள். அரசாங்கம் மாறியது, அவர்களை எழும்பச் சொல்ல ஒருவருக்கும் நினைவு வரவில்லை. எண்பத்தோராம் ஆண்டிலும் மூதூர் லோஞ்சு வந்து கட்டும்போதெல்லாம் இருவரும் கழுத்தை நீட்டி, இறங்குகிற சனத்தை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார்கள். ஜெனரல் யார் என்று கண்டுபிடிக்க முடியாமல் மீண்டும் வாங்கில் இருந்து ஆளுக்கொரு பிளேன்ரீ கேட்பார்கள். காணிக் கந்தோரிலிருந்து அதற்குப் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. பொலிஸ் காவல் உள்ள கடையை யார் உடைப்பது?